டர்போ போட்ட பழைய லொறி, கனகராயன்குளத்தில் நின்ற கதை

பழைய டீசல் என்ஜினுக்கு டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற கருவி) ஏற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் செலவு கூடிய அனுபவம்.

எங்களுடையது இசுசு 4 பிடி 1 (4BD1) என்ஜின். நான்கு சிலிண்டர், 3.9 லீற்றர், டர்போ இல்லாமல் வந்தது. விசுவமடுப் பக்கம் நெல் ஏற்றுகிற லொறி. வன்னியில் மலையே இல்லை, உனக்கு எதற்குப் பவர் என்று வீட்டில் கேட்டார்கள். காலபோக அறுவடைக்குள் மழை வந்து, முழு லோட்டோடு வயல் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

கழற்றிய டர்போ ஒன்று கிடைத்தது. புகை வெளியேறுகிற மனிபோல்ட் குழாயை ஒட்டிப் பொருத்தி, 12 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்றைக் கூட்டி, பம்பில் டீசலையும் கூட்டினோம். லொறி பாய்ந்தது. கரும்புகையும் பாய்ந்தது. கராஜிலிருந்த ஐயா, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் லொறி ஓட்டியவர். அதற்கு டீசலின் வழுவழுப்பு இல்லை, பம்ப் தேய்ந்துவிடும் என்று எண்ணெய் கலந்து ஊற்றுவார்களாம். அவர் புகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பவர் இல்லை, எரியாத டீசல். காசை வெளியில விடுறாய்" என்றார். நான் சிரித்தேன்.

அடுத்த கிழமை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு, முழு லோட்டோடு வவுனியாவுக்கு வெளிக்கிட்டேன். மாங்குளம் தாண்டியதும் நேர் ரோடு, கால் எடுக்கவேயில்லை. கனகராயன்குளத்தில் இழுவை விழுந்தது, என்ஜின் மூச்சுவிடுகிற பிரீதர் குழாயால் ஒயில் கக்கியது. கழற்றினால் மூன்றாவது பிஸ்டனின் தலை ஓரம் உருகியிருந்தது.

பிறகுதான் விளங்கியது. கம்பனியே டர்போவோடு விட்ட 4 பிடி 1 டி (4BD1T) என்ஜினில் பிஸ்டனுக்கு அடியில் ஒயில் பீச்சிக் குளிர்விக்கிற ஜெட் இருக்கிறது. என்னுடையதில் இல்லை. மலையென்றால் கியர் மாற்றும்போதாவது கால் எழும்பி, சூடு கொஞ்சம் ஆறும், நேரான ஏ9 வீதியில் அதுவும் இல்லை.

லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. டர்போவுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு போனது. இப்போது 7 பிஎஸ்ஐ, பம்பை மெசினில் வைத்து டீசலை அளந்து பூட்டியது, புகைச்சூடு பார்க்கிற மீற்றரும் உண்டு. 650 பாகை செல்சியஸ் காட்டினால் காலை எடுத்துவிடுவேன். முந்திய பாய்ச்சல் இல்லை. சேற்றிலிருந்து ஏறுகிறது, எனக்கு அது காணும்.

பதில்: அண்ணை, என்னட்டை டாட்டா 1210. டர்போ ஆசை எனக்கும் இருந்தது. முதலில் வால்வ், நொசில், பம்ப், அடைத்துப்போன றேடியேற்றர் எல்லாம் பார்த்தேன். அப்புறம் டர்போ கதையே வரவில்லை, தேய்ந்துபோன பவரைத்தான் தேடியிருக்கிறேன். அந்த மீற்றர் எங்கே பூட்டினீங்கள்?

பதில்: மனிபோல்டில், டர்போவுக்கு முன்னால். பின்னால் பூட்டினால் சூட்டைக் குறைத்துக் காட்டும். துளைக்கும்போது மனிபோல்டைக் கழற்றி வைத்துத் துளையுங்கோ தம்பி, இரும்புத் தூள் டர்போவுக்குள் போனால் அதற்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும்.