‘தாத்தா வீட்டு முற்றம்’ குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(கயலின் கைப்பேசியிலிருந்து)

காலை 7:12

முருகேசன் சித்தப்பா: [பலமுறை பகிரப்பட்டது] இது உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைக்காரன் சிங்கப்பூருக்கு இலவசமாகக் கட்டிக்கொடுத்த மருத்துவக் கல்லூரி! 100 ஆண்டுகளைத் தாண்டியும் கம்பீரமாக நிற்கிறது! நன்றியுள்ள ஒவ்வொருவரும் பகிரவும்!! 🙏🙏🏛️

முருகேசன் சித்தப்பா: கயல் படிக்கப் போகிற கல்லூரி. அதனால்தான் அனுப்பினேன்.

அம்மா: நன்றி தம்பி. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

செல்வி அத்தை: முருகேசா, யார் உனக்கு இதை அனுப்பியது?

முருகேசன் சித்தப்பா: நடைப்பயிற்சி நண்பர்கள் குழுவில் வந்தது அக்கா. ஏன்?

செல்வி அத்தை: “இலவசமாக” என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதைப் பொறுத்துக்கொள்வேன். தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.

ராஜன் மாமா (ஈப்போ): மச்சான், மாட்டிக்கொண்டீர்கள். முப்பது வருடம் வரலாறு கற்பித்தவர் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? 😄

காலை 7:48

செல்வி அத்தை: வந்துவிட்டேன். 1904. டான் ஜியாக் கிம் என்ற பெரானக்கான் வணிகர், அதாவது தலைமுறைகளாக இந்தப் பக்கமே வேரூன்றிய சீனர். ரிவர் வேலி பக்கம் ஜியாக் கிம் தெரு இருக்கிறதே, அந்த ஜியாக் கிம். அவர் தலைமையில் உள்ளூர் ஆட்கள் ஆளுநர் ஜான் ஆண்டர்சனுக்கு மனுக் கொடுத்தார்கள், எங்கள் பிள்ளைகள் மருத்துவம் படிக்க இங்கே ஒரு பள்ளி வேண்டும் என்று. காசு நீங்கள் திரட்டுங்கள் என்றது அரசாங்கம். திரட்டினார்கள். மொத்தம் 87,077 வெள்ளி (டாலர்).

செல்வி அத்தை: அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் ஒருவருடையது. அந்தக் காலத்து 12,000.

செல்வி அத்தை: கேட்டது நாம், காசு கொடுத்தது நாம். இதில் “கட்டிக்கொடுத்தான்” எங்கிருந்து வந்தது?

முருகேசன் சித்தப்பா: “நாம்” என்றால்? சீன வணிகர் கொடுத்ததை நாம் கொடுத்தோம் என்று சொல்லலாமா?

செல்வி அத்தை: நல்ல கேள்வி. இந்த ஊர்க்காரர்கள் என்ற பொருளில் சொன்னேன். பெரும்பணம் சீன வணிகர்களுடையதுதான், மறுக்கவில்லை.

கயல்: எழுந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இத்தனை செய்திகளா!

கயல்: முதலில் எங்கே நடந்தது அத்தை? அந்தத் தூண்கள் உள்ள வெள்ளைக் கட்டடத்திலா?

செல்வி அத்தை: இல்லை கண்ணே. 1905 ஜூலை 3ஆம் தேதி, 23 மாணவர்கள், சிப்பாய் லைன்ஸில். அங்கே பெண்களுக்கான மனநலக் காப்பகம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய கட்டடத்தில்தான் தொடக்கம்.

ராஜன் மாமா (ஈப்போ): மருத்துவம் படிக்கச் சேருகிறவர்களுக்குப் பொருத்தமான இடம்.

அம்மா: அண்ணா! 😡

முருகேசன் சித்தப்பா: சிப்பாய் லைன்ஸ் என்றால் ஊட்ரம்தானே?

செல்வி அத்தை: ஆமாம், இப்போது பொது மருத்துவமனை இருக்கும் இடம். இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு அங்கே இருந்ததால் வந்த பெயர். நம் அப்பா கடைசி வரை அந்தப் பெயரைத்தான் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? “சிப்பாய் லைனுக்கு வேலைக்குப் போகிறேன்” என்று.

முருகேசன் சித்தப்பா: மறக்க முடியுமா? காக்கிச் சட்டை, கையில் அடுக்குப் பாத்திரம்.

காலை 8:30

அரவிந்த் அண்ணா (சென்னை): இங்கே இப்போதுதான் விடிகிறது. எல்லாவற்றையும் படித்தேன். அத்தை, 1905க்கு முன் யாருமே மருத்துவம் படிக்கவில்லையா?

செல்வி அத்தை: இதற்காகத்தான் காத்திருந்தேன். 1889இல் ஒரு முறை முயன்றார்கள். தகுதித் தேர்வில் தேறியவர்கள் மிகக் குறைவு, அதோடு திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கிருந்து பிள்ளைகளை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா?

அரவிந்த் அண்ணா (சென்னை): லண்டன்?

செல்வி அத்தை: மெட்ராஸ்!

அரவிந்த் அண்ணா (சென்னை): 🕺🕺🕺 நம் சென்ட்ரல் எதிரே இருக்கிற கல்லூரிக்கா? இன்று முழுதும் நான் தலை நிமிர்ந்துதான் நடப்பேன்.

செல்வி அத்தை: அது 1835இலேயே தொடங்கியது அல்லவா. இவர்களுக்கு 70 வயது மூத்தது. ஆனால் கடல் தாண்டி எத்தனை பேர் போவார்கள்? தோட்டங்களிலும் துறைமுகத்திலும் காய்ச்சலும் பேதியுமாக ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். இங்கேயே ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருந்தது.

கயல்: பிறகு பள்ளிக்கு எட்வர்ட் மன்னர் பெயர் எப்படி வந்தது? எங்கள் விடுதிக்கும் அவர் பெயர்தான், கிங் எட்வர்ட் ஹால்.

செல்வி அத்தை: 1910இல் முதல் அணியாக 7 பேர் தேறி வெளியே வந்தார்கள். அதே ஆண்டு மன்னர் ஏழாம் எட்வர்ட் இறந்தார். 1912இல் டாக்டர் லிம் பூன் கெங் முன்னின்று அவர் நினைவாக ஒரு நிதி திரட்டினார். அந்தப் பணத்தில் உடலியங்கியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி வந்தது. பள்ளிக்கு மன்னரின் பெயர் வந்தது. மறுபடியும் கவனி முருகேசா: பெயர் மன்னருடையது, பணம் ஊராருடையது.

முருகேசன் சித்தப்பா: அக்கா, நான் காலையிலேயே தோற்றுவிட்டேன். இன்னும் எத்தனை அடி?

செல்வி அத்தை: இன்னும் ஒன்றே ஒன்று. 1916இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தப் பள்ளியின் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. அந்தப் பேரரசில் எங்கும் போய் மருத்துவம் பார்க்கலாம். ஆனால் சொந்த ஊரில்? இங்கே உயர்ந்த அரசாங்க மருத்துவப் பதவிகள் எல்லாம் ஐரோப்பியருக்கு மட்டும். நம் பிள்ளைகள் அசிஸ்டண்ட் சர்ஜனாகவே காலம் தள்ள வேண்டும், சம்பளமும் குறைவு. 1932இல்தான் உள்ளூர் மருத்துவர்களுக்கென்று தனிப் பணிப்பிரிவு ஒன்றை உண்டாக்கினார்கள். “நன்றியுள்ள ஒவ்வொருவரும் பகிரவும்” என்று எழுதியவரிடம் இதையும் சொல்.

முருகேசன் சித்தப்பா: இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

முருகேசன் சித்தப்பா: நடைப்பயிற்சிக் குழுவிலும் நீக்கிவிட்டேன். போதுமா? 🙏

காலை 9:15

ராஜன் மாமா (ஈப்போ): எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் படித்தது இந்தக் கல்லூரியில்தான். 1953இல் பட்டம் பெற்றார். பின்னாளில் மனைவியான சித்தி ஹஸ்மாவைச் சந்தித்ததும் அங்கேதான்.

அரவிந்த் அண்ணா (சென்னை): அப்படியானால் கயலுக்கும் அங்கேயே…

அம்மா: அரவிந்த், அவள் படிக்கப் போகிறாள்.

கயல்: நன்றி அம்மா.

செல்வி அத்தை: பெஞ்சமின் ஷியர்ஸும் அங்கே படித்தவர்தான். மகப்பேறு மருத்துவர், பின்னாளில் சிங்கப்பூர் அதிபர். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் முதல் சீனப் பெண் மருத்துவர் லீ சூ நியோவும் அங்கே படித்தவரே.

முருகேசன் சித்தப்பா: நம்மவர்கள் யாரும் இல்லையா?

செல்வி அத்தை: காலையில் “நாம்” என்றால் யார் என்று கேட்டவர் யார்? 😏

செல்வி அத்தை: இருக்கிறார்கள். கனகரத்தினம் சண்முகரத்தினம். இப்போதைய அதிபர் தர்மனின் தந்தை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்து படிப்பு நின்றது. 1947இல்தான் பட்டம். நோய்க்குறியியலில் பேராசிரியரானார். நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்து இது புற்றா இல்லையா என்று சொல்கிற துறை. நோயாளி அவர் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார், ஆனால் சிகிச்சை அவருடைய முடிவில்தான் தொடங்கும். 1968இல் சிங்கப்பூர் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியவரும் அவர்தான். யாருக்கு, எந்தப் புற்று, எந்த இனத்தாரிடம் அதிகம் என்று இந்த நாட்டுக்கே தெரிந்தது அதனால்தான்.

அம்மா: இவரைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது அண்ணி.

செல்வி அத்தை: எஸ். எஸ். ரத்தினம், இலங்கையில் பிறந்த தமிழர், மகப்பேற்றுத் துறைத் தலைவர். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது அவருடைய குழுவின் கையில்.

ராஜன் மாமா (ஈப்போ): டாக்டர் தனராஜை விட்டுவிட்டீர்களே செல்வி அக்கா! கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையை முதல் டீனாக இருந்து எழுப்பியவர். அதற்கு முன் சிங்கப்பூரில் பேராசிரியர். உங்கள் கல்லூரியின் பதியன்தான் எங்கள் கல்லூரி.

செல்வி அத்தை: பதியன்! நல்ல சொல் ராஜன். இதை நான் வகுப்பில் பயன்படுத்தியிருக்கலாம்.

கயல்: எனக்குத் தலை சுற்றுகிறது. முதலில் பள்ளி, பிறகு எட்வர்ட் பள்ளி, 1921இல் கல்லூரி. மலாயாப் பல்கலைக்கழகம் எப்போது வந்தது?

செல்வி அத்தை: 1949 அக்டோபரில். எட்வர்ட் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1962இல் அது இரண்டாகப் பிரிந்தது, இங்கிருந்த பாதி சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம். 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போதைய தேசியப் பல்கலைக்கழகம். 2005இல் நூற்றாண்டு. அப்போது யோங் லூ லின் அறக்கட்டளை 10 கோடி வெள்ளி கொடுத்தது. யோங் லூ லின் மருத்துவப் பள்ளி என்ற இன்றைய பெயர் அப்படி வந்தது.

முருகேசன் சித்தப்பா: 12,000இல் தொடங்கி 10 கோடி! ஆனால் ஜியாக் கிம் பெயர் கல்லூரிக்கு இல்லை, தெருவுக்குத்தான்.

செல்வி அத்தை: இன்று நீ சொன்னதிலேயே இதுதான் உருப்படியானது.

காலை 10:05

அம்மா: அண்ணி, அந்தக் காலத்தில் பெண்களுக்கு இடம் குறைவாகக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே, உண்மையா?

செல்வி அத்தை: உண்மைதான். 1979இல் மருத்துவம் படிக்கும் பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பெண்கள் கல்யாணம், பிள்ளை என்று வேலையை விட்டுவிடுவார்களாம், படிக்கவைத்த செலவு வீணாம். 2002 கடைசியில்தான் நீக்கினார்கள். 23 வருடம்.

கயல்: என்னது! 😳

முருகேசன் சித்தப்பா: அதனால்தான் அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை.

செல்வி அத்தை: பொய் சொல்லக்கூடாது. எனக்கு வேதியியலில் மதிப்பெண்ணே வரவில்லை. வரம்பு இல்லாவிட்டாலும் நான் வரலாற்றுக்குத்தான் போயிருப்பேன். ஆனால் என் வகுப்பில் என்னைவிட நான்கு மடங்கு கெட்டிக்காரிகள் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விண்ணப்பத்தைத் தொடாமலே விட்டார்களோ.

காலை 10:20

பாட்டி: 🎤 குரல் செய்தி (2:14)

அம்மா: அத்தை பேசியதை எழுதுகிறேன், கேட்க முடியாதவர்களுக்காக. “எல்லாரும் பேசுகிறீர்கள், அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு கல் இருக்கிறது. உங்கள் தாத்தா அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நிற்பார். ஏன் என்று கேட்டேன். இங்கே பிள்ளைகள் கிடக்கிறார்கள் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. செல்விக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.”

முருகேசன் சித்தப்பா: எனக்கு இது தெரியவே தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதே இல்லை.

செல்வி அத்தை: அம்மா, நானே கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன்.

செல்வி அத்தை: 1942 பிப்ரவரி 14. சிங்கப்பூர் விழுந்ததற்கு முந்தைய நாள். யூங் டாட் சின் என்று நான்காம் ஆண்டு மாணவன். டான் டோக் செங் மருத்துவமனையில் பணியில் இருந்தபோது குண்டுச் சிதறல் பட்டது. பொது மருத்துவமனையில் உயிர் போனது. வெளியே கொண்டுபோக வழியில்லை. கூடப் படித்தவர்கள் வளாகத்திலேயே குழி வெட்டி அடக்கம் செய்யப் போனார்கள்.

செல்வி அத்தை: அடக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஜப்பானியர் பீரங்கியால் சுட்டார்கள். அந்த இடத்தில் 11 மாணவர்கள் செத்தார்கள்.

கயல்: நான்காம் ஆண்டா…

ராஜன் மாமா (ஈப்போ): 🙏

செல்வி அத்தை: அதன் பிறகு கல்லூரிக் கட்டடத்தில் ஜப்பானியர் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் நடத்தினார்கள். 1946இல் மறுபடி வகுப்பு தொடங்கியபோது, மிஞ்சியவர்கள் அதே வளாகத்துக்குத் திரும்பி வந்து படித்தார்கள். நினைத்துப் பார் கயல்.

கயல்: நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் வகுப்பு இருப்பது கெண்ட் ரிட்ஜில். அந்த இடத்தைப் பார்க்காமலே ஐந்து வருடம் படித்து முடித்துவிட முடியும் போலிருக்கிறது.

செல்வி அத்தை: 1985இல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை திறந்தபின் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய கல்லூரிக் கட்டடம், 1926இல் திறந்தது, அந்தத் தூண்கள் உள்ளது, இப்போது சுகாதார அமைச்சிடம் இருக்கிறது. பக்கத்தில் டான் டெக் குவான் கட்டடம், 1911. அது ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் தன் தந்தையின் நினைவாகக் கட்டிக்கொடுத்தது. முருகேசா, இதையும் வெள்ளைக்காரன் கட்டவில்லை.

முருகேசன் சித்தப்பா: தெரியும் அக்கா, தெரியும்.

கயல்: சனிக்கிழமை போகலாமா? எல்லாரும்?

அம்மா: பாட்டியால் நடக்க முடியாது.

பாட்டி: 🎤 குரல் செய்தி (0:21)

அம்மா: “சக்கர நாற்காலி எதற்கு இருக்கிறது” என்கிறார்.

முருகேசன் சித்தப்பா: வண்டி நான் கொண்டுவருகிறேன். காலை 9 மணிக்கு பாட்டி வீட்டு வாசலில். அதற்குப் பிறகு வெயில் தாங்காது.

அரவிந்த் அண்ணா (சென்னை): எனக்குப் படம் அனுப்புங்கள். கல்லையும்.

பாட்டி: 🎤 குரல் செய்தி (0:34)

அம்மா: “முருகேசன் வரும் வழியில் தேக்கா சந்தையில் பூ வாங்கி வரட்டும். மாலை வேண்டாம், தனிப்பூ. பதினொன்று வாங்கிவிடப் போகிறான். முதலில் செத்த பிள்ளையையும் சேர்த்துப் பன்னிரண்டு.”

முருகேசன் சித்தப்பா: சரி அம்மா. பன்னிரண்டு.