மறு: சர்காசத்துக்குக் ‘குத்தல்’ போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: இணையத்தில் தமிழும் மலையாளமும் கலந்து எழுதப்படும் கருத்துரைகளை வகை பிரிக்க ஆறு லேபிள்கள் வேண்டும், அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ஹ்யூமர் (யாரையும் நோகடிக்காத சிரிப்பு), விட் (அறிவு பளிச்சிடும் பேச்சு), ஐரனி (சொல்லும் பொருளும், அல்லது எதிர்பார்ப்பும் நடப்பும் முரண்படுவது), சர்காசம் (பாராட்டுவது போல அடிப்பது), சட்டயர் (கேலியால் சாடுவது), ரெப்பார்ட்டி (சுடச்சுடத் திருப்பிச் சொல்வது). இதுவரை வந்த மடல்களில் மூன்றுக்குக் ‘கிண்டல்’ என்றே பரிந்துரை வந்திருக்கிறது. மனிதர்களுக்குள் அது ஓடும். ஆனால் “சூப்பர் சார், ரோடு போட்ட மறுநாளே குளமும் வெட்டிக் குடுத்துட்டீங்க” என்ற வரியைக் கணினி பாராட்டுக் கணக்கில் சேர்த்துவிடும், ஏனென்றால் அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதற்குப் புரியவைக்க ஆட்கள் உட்கார்ந்து வரிவரியாகக் குறி போட வேண்டும். ஒருவர் கேலி என்றும் அடுத்தவர் நையாண்டி என்றும் போட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

> கேலி, கிண்டல், நையாண்டி, நக்கல் எல்லாம் ஒன்றுதானே ஐயா? அகராதியே ஒன்றுக்கு இன்னொன்றைத்தான் பொருளாகத் தருகிறது.

அகராதி தருகிறது, வாய் தருவதில்லை. எங்கள் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். வண்டி ரொம்பத் தாமதம். ஏறும்போது ஒருவர் கேட்டார்: “ஏங்க, நாளைக்கு வர்ற பஸ் இன்னைக்கே வந்திருச்சுங்களா? பரவால்லியே!” கண்டக்டர் டிக்கெட் கட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “இல்லீங்க, இது நேத்து பஸ். உங்களுக்காகத்தான் நிப்பாட்டி வெச்சிருந்தோம்.” பின் சீட்டில் கூடையோடு இருந்த அம்மா, “ரெண்டு பேரும் பேசி முடிங்க சாமி, நான் சித்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள கூடையில இருக்கற மாங்கா பழுத்துரும்” என்றார். மூன்று பேரும் சிரிக்க வைத்தார்கள், மூன்றும் வேறு வேறு.

முதல் ஆள் பேசியது சர்காசம். மேலுக்குப் பாராட்டு, உள்ளுக்குள் அடி. அடி யார்மேல் என்பதிலும் சந்தேகமில்லை. இதற்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: “குத்தலாகப் பேசினார்” என்று எல்லோரும் சொல்கிறோம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லின் வேரே சதையைக் கிழிப்பதுதான். அவர்கள் கிழித்தார்கள், நாம் குத்துகிறோம். புதிதாக ‘வஞ்சநகை’, ‘இகழ்நகை’ என்றெல்லாம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. தவிர, நகை நகை என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஒட்டினால் தேடலில் பாதிக்கு மேல் அடகுக்கடை விளம்பரம்தான் வரும்.

கடைசியில் பேசிய அம்மாவை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அவர் யாரையும் அடிக்கவில்லை, தன் மாங்காயையும் சேர்த்துச் சிரிப்பில் போட்டுவிட்டார். ஹ்யூமர் என்பது இதுதான். நகைச்சுவை என்ற பழகிய சொல்லே இருக்கட்டும். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல், சிரிப்பு பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காகச் சொல்கிறது. இந்த நான்கில் எள்ளல் ஒன்றுதான் வேண்டுமென்றே ஒருவரைக் குறி வைப்பது. மற்ற மூன்றும் குழந்தையின் மழலை, தெரியாத்தனம், சொன்னதை அப்படியே நம்பிவிடுவது என்று மனித சுபாவத்திலேயே ஊறுபவை. குறி போடும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நூற்பாவைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கட்சி. (ஹ்யூமர் என்பதும் முதலில் உடம்பில் ஓடும் நீர்களைக் குறித்தது, நம் ஊர் வாத பித்த கபம் போல. ஆளின் குணத்திலிருந்து வரும் சிரிப்பு என்ற பொருள் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

> ஐரனிக்குத் தொல்காப்பியரின் ‘பழிகரப்பு’ என்பதையே எடுத்துக்கொள்ளலாமே?

அக்கா சொல்வது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். தொல்காப்பியத்தில் பாட்டின் இலக்கணம் சொல்லும் செய்யுளியலில் அங்கதம், அதாவது வசை, இரண்டு வகை. முகத்துக்கு நேரே வைவது செம்பொருள் அங்கதம், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம். இரண்டிலும் பழி இருந்தே ஆக வேண்டும். புறநானூறு 95-இல் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாரே, அது அசல் பழிகரப்பு. புகழ்வது போல ‘நீ போருக்கே போனதில்லை’ என்று சொல்லிவிட்டார். ஐரனிக்கோ பழி தேவையில்லை, சில நேரம் பேசுகிற ஆள்கூடத் தேவையில்லை. தீயணைப்பு நிலையத்தில் தீப்பிடித்தால் அது ஐரனி, அங்கே யார் யாரை வைதார்கள்? ஆகையால் ஐரனிக்கு ஏற்கெனவே புழங்கும் ‘முரண்நகை’ போதும். சிரிப்பே வராத ஐரனிக்கும் நகை என்று பெயரா என்றால், ஆமாம், அந்தக் குறை இருக்கிறது. பழகிவிட்ட சொல்லைப் பிடுங்கி எறிவதைவிட அந்தக் குறையோடு வைத்துக்கொள்வது மேல்.

“தேவர் அனையர் கயவர்” என்ற குறளை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். கயவர் தேவரைப் போன்றவர், ஏனென்றால் அவரும் மனம் போனபடி நடப்பவர். சொல் ஒரு பக்கம், பொருள் மறுபக்கம், அதனால் முரண்நகை. அடி விழுவது ஒரு தனி ஆள்மேல் அல்ல, ஒரு வகை மனிதர்மேல். அதனால் குத்தல் அல்ல. அங்கதம் என்று இரண்டாம் குறியும் போடலாம். ஒரு வரிக்கு இரண்டு குறி அனுமதி உண்டா என்பதை வேலையை நடத்துபவர்கள் சொல்லட்டும்.

சட்டயருக்கு அங்கதம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, தாண்டிப் போகிறேன். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மலையாளத்தில் இதை ஆட்சேபஹாஸ்யம் என்பார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து ‘ஆட்சேபம்’ தெரிவிக்கும் கருத்துரைகளையெல்லாம் இந்தப் பெட்டியில் போட்டுவிடும். இன்னொரு பொறி ‘பரிஹாஸம்’. தமிழில் பரிகாசம் என்றால் மாமன் மச்சினன் விளையாட்டு, எல்லையிலுள்ள வாளையாருக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அது முகம் சுருங்க வைக்கும் ஏளனம். ஒரே எழுத்து, வேறு வலி. இரண்டு மொழிக்கும் ஒரே பட்டியல் என்பதால் பரிகாசத்தைப் பட்டியலுக்குள்ளேயே விடாமல் இருப்பது நல்லது.

விட் பற்றி. ‘சாதுரியம்’, ‘மதிநுட்பம்’ இரண்டும் ஆளின் மூளையைச் சொல்கின்றன, நமக்கு வேண்டியது அவர் வாயிலிருந்து வந்த சரக்கின் பெயர். செய்யுளியலில் உரைநடை வகைகளைச் சொல்லும்போது “பொருளொடு புணர்ந்த நகைமொழி” என்று ஒரு தொடர் வருகிறது. அந்த ‘நகைமொழி’யைக் கடனாக வாங்கிக்கொள்வோம். காளமேகத்தின் சிலேடை, ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டு வரும் சிரிப்பு எல்லாம் இதில். வெறும் சிரிப்பு போதாது, அறிவு பளிச்சென்று தெரிய வேண்டும். அடகுக்கடை தொல்லை இதற்கும் உண்டே என்பீர்கள். மொழி என்ற பின்பாதி காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

மிஞ்சியது ரெப்பார்ட்டி. கண்டக்டர் கொடுத்தது. ‘பதிலடி’ வேண்டவே வேண்டாம், அது போர்ச் செய்தி. ‘எதிர்நகை’க்கு இரண்டு ஓட்டு விழுந்திருக்கிறது. எதிர்த்துச் சிரிப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். மலையாளிகள் இதற்கு ‘உருளைக்கு உப்பேரி’ என்பார்கள். உப்பேரி என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வறுவல். சோற்று உருளை ஒன்றுக்கு உப்பேரி ஒரு வாய், அதாவது நீ ஒன்று போட்டால் நான் உடனே ஒன்று. இங்கே பாலக்காட்டுத் தமிழர்களும் அதைத் தாராளமாகப் பேசுகிறோம். ஆனால் மதுரையிலும் நெல்லையிலும் உட்கார்ந்து குறி போடுகிறவர்களுக்கு அது சாப்பாட்டுச் சமாச்சாரமாகத்தான் படும்.

அதில் கற்க வேண்டியது ‘உடனே’ என்பது. கேரளக் கோயில்களில் சாக்கியார் என்ற கலைஞர் தனியாளாகக் கதை சொல்லி நடிக்கும் சாக்கியார் கூத்தைப் பாருங்கள். சாக்கியார் கூட்டத்தில் இருக்கும் யாரையும், அரசனையே ஆனாலும், கைநீட்டிக் கேலி செய்யலாம். உட்கார்ந்திருப்பவர் திருப்பிச் சொல்லக் கூடாது என்பது மரபு. அங்கே குத்தலும் அங்கதமும் வழிந்தோடும், ரெப்பார்ட்டிக்கு மட்டும் இடமில்லை. அந்தக் கூத்துக்கு மிழாவு என்ற முழவை வாசிக்கும்போது கண்ணயர்ந்துவிட்ட மலையாளக் கவிஞர் குஞ்சன் நம்பியாரைச் சாக்கியார் மேடையிலேயே கேலி செய்தார், அடுத்த நாள் நம்பியார் துள்ளல் என்ற ஆட்டமும் பாட்டுமான கலையோடு வந்து கூட்டத்தையே இழுத்துக்கொண்டார் என்று கதை சொல்வார்கள். நம்பியார் பிறந்த கிள்ளிக்குறிச்சிமங்கலம் எங்கள் மாவட்டம்தான் என்பதால் பெருமையாகவே சொல்கிறேன்: எவ்வளவு பெரிய பதிலாக இருந்தாலும் ஒரு ராத்திரி கழித்து வந்தது ரெப்பார்ட்டி ஆகாது. அது அங்கதம்.

எனவே என் பரிந்துரை ‘நறுக்குமொழி’. “நறுக்கென்று பதில் சொன்னான்” என்ற பேச்சில் வேகம், சுருக்கம், கூர்மை மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. நகைமொழிக்கு இணையாகவும் நிற்கிறது. ஓலை நறுக்கோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள்; ஓலை இப்போது யார் கையில் இருக்கிறது? குறி போடுகிறவர்களுக்கு விதி இது: முன்னால் ஒரு கருத்துரை இருந்து, அதன் சொல்லையே பிடித்துத் திருப்பியிருந்தால் மட்டும் நறுக்குமொழி. தனித்து நிற்கும் வரிக்கு எக்காரணம் கொண்டும் இந்தக் குறி கிடையாது.

இதிலிருந்து வினை எடுக்க முடியாதே என்று இலக்கணக்காரர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ‘நறுக்குமொழிந்தார்’ என்று எவரும் எழுத வேண்டாம், ‘நறுக்கென்று சொன்னார்’ போதும். ‘நக்கல்’, ‘லொள்ளு’, ‘குசும்பு’ மூன்றையும் கோயம்புத்தூர்க்காரர்கள் பிரித்துக் கொடுத்தால், குத்தலின் கீழ் துணைக்குறிகளாகச் சேர்க்கலாமா என்று அடுத்த மடலில் பார்ப்போம்.