சோழியில் கணித்த கிரகணம்: வேர் எங்கே?

அரிக்கமேட்டான் (புதுச்சேரி):
இங்கே ஒரு பள்ளிக் கண்காட்சியில், ‘கிரகணக் கணிதம் பாபிலோனில் பிறந்தது, நாம் கடன் வாங்கினோம்’ என்று அட்டை வைத்திருந்தார்கள். வயிறு எரிந்தது. 1768-இல் இதே ஊருக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி, ஒரு தமிழரிடம்தான் கிரகணக் கணிதம் கற்றார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகள், மனத்தில் வாய்பாடு, அவ்வளவுதான். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற கணக்கில் தமிழ் முறை 41 விநாடி பிசகியது. ஐரோப்பா கொண்டாடிய, மயர் என்பவரின் சந்திர அட்டவணை 68 விநாடி பிசகியது. இதை ஏன் எந்த அட்டையிலும் எழுதுவதில்லை?

மஞ்சக்குப்பம் வாசகர்:
நண்பரே, 1825-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? வானியல் ஆய்வாளர் ஜான் வாரன் உங்கள் ஊரிலேயே ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சோழி வைத்துக் கணிக்கச் சொன்னார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, முடிவில் 52 நிமிடம். ஒரே ஒரு கிரகணத்தைக் காட்டிக் கொடி ஏற்றாதீர்கள். அட்டையில் இருப்பதும் வெறும் பேச்சன்று. சோழிக் கணிதர் கையாண்ட வாக்கிய முறை (சந்திரன் இருக்கும் இடத்தை மனப்பாட வாக்கியங்களால் சொல்வது) நிற்பதே 248 நாள், 3031 நாள் என்ற இரண்டு சுற்றுகளின் மேல். எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏட்டில் இதே இரண்டு எண்களும் உள்ளன. 248 பாபிலோனியக் களிமண் பலகையிலும் இருக்கிறது.

கணக்கு வாத்தியார், நெல்லிக்குப்பம்:
எண் ஒத்துப்போனால் கடன் என்று முடிவு கட்டுவதா? சந்திரன் பூமியை நெருங்கி, விலகி, மீண்டும் நெருங்க ஏறத்தாழ 27.5546 நாள் ஆகிறது. முழு நாளில் அதைப் பிடிக்கப் பாருங்கள். 2 சுற்றுக்கு 55 என்றால் இடிக்கிறது. 9 சுற்றுக்கு 247.99, அதாவது 248. 110 சுற்றுக்கு 3031, அநேகமாகத் துல்லியம். தொடர் பின்னம் (பின்னத்துக்குள் பின்னமாகப் பிரித்துத் தோராய எண் காணும் கணக்கு) போட்டால் 55, 248, 3031 என்று அடுத்தடுத்து வந்து விழும். பாபிலோன்காரர் எண்ணினாலும் பண்ருட்டிக்காரர் எண்ணினாலும் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
ஐயா, கணக்கு சரி. ஆனால் எண் மட்டும் தனியாக வரவில்லையே. 6-ஆம் நூற்றாண்டில் வானியலாளர் வராகமிகிரர் ஐந்து சித்தாந்தங்களை, அதாவது வானியல் நூல்களை, தொகுத்தபோது ரோமகம், பௌலிசம் என்று வெளிப்பெயர்களை மறைக்காமல் எழுதினார். யவனரின், அதாவது கிரேக்கரின், வானநூல் அறிவை மதிக்க வேண்டும் என்றும் சொன்னார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? அரிக்கமேட்டில் உரோமானிய மதுச்சாடி கிடைத்ததற்குப் பெருமைப்படுகிறோம். கணக்கும் கடல் கடந்து வந்திருக்கலாம் என்றால் மட்டும் கோபம் வருகிறது.

செவிலி, கடலூர் முதுநகர்:
மருத்துவத்திலும் இதே சண்டைதான், அண்ணா. 1794-இல் லண்டன் இதழ் ஒன்று, புனே அருகே அறுபட்ட மூக்கைச் சீரமைத்த அறுவையைப் படத்தோடு வெளியிட்டது. மெழுகைத் தட்டி மூக்கில் பொருத்தி, அதையே நெற்றியில் விரித்துக் கோடு இழுத்து, தோலை உரித்துத் திருப்பி ஒட்டினார்கள். கண்களுக்கு நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். இரத்தம் அதன் வழியாகத்தான் வந்தது. அந்தத் துண்டு அறுந்தால் ஒட்டிய தோல் அழுகிவிடும். இதைப் படித்த ஆங்கில அறுவை மருத்துவர் கார்ப்யூ 1814-இல் லண்டனில் செய்து காட்டினார். எல்லோரும் பழங்கால மருத்துவ நூலாசிரியர் சுஸ்ருதர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் நூல் சொல்வது கன்னத் தோலை, புனேயில் எடுத்ததோ நெற்றித் தோல். நடுவில் யாரோ கைப்பழக்கத்தில் முறையை மாற்றியிருக்கிறார்கள். கத்தி பிடித்தவர் செங்கல் அறுக்கும் குலத்தவர் என்று மட்டும் அந்த இதழ் சொல்கிறது. எனக்கு அவர் பெயர் வேண்டும்.

அரிக்கமேட்டான்:
தங்கையே, நான் கேட்பதும் அதைத்தான். வாரன் பார்த்த கணிதருக்கு வானியல் கோட்பாடு தெரியாது, நினைவாற்றல் இருந்தது. அந்த 52 நிமிடம் சோழியின் குற்றமன்று, பழைய எண்களை யாரும் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவில்லை. கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் கிரகணங்களைப் பல்லாண்டு பார்த்து 1431-இல் திருத்தினார். பாபிலோன் இருக்கட்டும், சோழிக் கணிதரும் அட்டையில் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியருக்கு இன்றே எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
எழுதுங்கள். 41 விநாடிக்குப் பக்கத்தில் 52 நிமிடத்தையும் எழுதுங்கள். விட்டுவிட்டால் அடுத்த கடிதம் நான் போடுவேன்.