கிளிட்ச்: ‘சிதைவு’ போதாது, ‘பிசகு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கருவியோ மென்பொருளோ ஒரு கணம் தடம் மாறி எதிர்பாராததைக் காட்டுவதை ஆங்கிலத்தில் கிளிட்ச் (glitch) என்கிறார்கள், அதையே கலையாக்குவது கிளிட்ச் ஆர்ட். நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை, ‘சிதைவுக்கலை’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலப் போய்க்கொண்டிருக்கிறது. முடிப்பதற்கு முன் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

சிதைவு என்பது நடந்து முடிந்ததன் பெயர். சிதைந்தது பழைய நிலைக்குத் திரும்பாது. கிளிட்ச் ஒரு கணத்தில் நிகழ்வது, பல நேரம் அடுத்த கணமே தானாகச் சரியாகிவிடுவது. விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962-இல் இந்தச் சொல்லை விளக்கியபோது, மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சட்டென்று எகிறுவதைத்தான் சொன்னார். எதுவும் உடைந்தது என்ற பொருளே அதில் இல்லை.

கலைக்கு வந்தாலும் இதே கதைதான். 1965-இல் காணொளிக் கலைஞர் நாம் ஜூன் பைக் (Nam June Paik) ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் பெரிய காந்தத்தைத் தூக்கி வைத்தார். படக்குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை வளைந்தது, திரையில் யாரும் ஒளிபரப்பாத வளைகோடுகள் தோன்றின. காந்தத்தை நகர்த்தினால் உருவமும் மாறும். பெட்டி கெட்டுப்போகவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்தது. இன்னொரு பக்கம் ஜப்பானிய இசைக்கலைஞர் யசுனாவோ டோனே. குறுந்தகட்டின் அடிப்பக்கத்தில் ஊசித்துளைகள் போட்ட ஒட்டுநாடாவை ஒட்டி, அதைக் கருவியில் ஓடவிட்டார். கருவியின் பிழைதிருத்தும் முறை திணறி, தகட்டில் யாரும் பதியாத ஒலிகளை உமிழ்ந்தது. 1997-இல் ‘காயப்பட்ட குறுந்தகட்டுக்கான தனியிசை’ என்று பொருள்படும் தலைப்பில் அது இசைத்தொகுப்பாகவும் வந்தது. காயம் தகட்டில் இருக்கிறது, கிளிட்ச் ஓட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் சிதைவு என்றே சொன்னால், இந்தக் கலையில் எது முக்கியமோ அது சொல்லுக்குள் வராமலே போய்விடும்.

கோப்பு வடிவங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஜேபெக் (JPEG) என்ற படக்கோப்பு வடிவம் ஒரு படத்தை 8×8 படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி அளவையும் அது முழுதாக எழுதிவைப்பதில்லை. முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்ற வேறுபாட்டை மட்டும்தான் எழுதுகிறது. இடையில் ஓர் எண் மாறினால் அந்தக் கட்டத்தோடு பாதிப்பு நிற்பதில்லை. அதற்குப் பின்னால் வரும் கட்டங்கள் எல்லாம் தவறான அளவிலிருந்து கணக்கைத் தொடர்கின்றன, படத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சையாகவோ ஊதாவாகவோ சாய்ந்துவிடுகிறது. போதாததற்கு, எண்கள் ஒரே நீளத்தில் எழுதப்படுவதும் இல்லை. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது குழம்பினால், கட்டங்கள் பக்கவாட்டில் நகர்ந்து முகத்தின் ஒரு துண்டு தோளுக்குப் போய்விடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது: மென்பொருள் கடைசிவரை விதிப்படிதான் நடக்கிறது. ஓர் இடத்தில் தடம் மாறியதும், அந்த மாறிய தடத்திலேயே ஒழுங்காகத் தொடர்கிறது.

டச்சுக் கலைஞர் ரோசா மென்க்மன் 2010-இல் இதையே ஒரு படைப்பாகச் செய்தார். தன் முகம் உள்ள ஒரே படத்தைப் பல கோப்பு வடிவங்களில் சேமித்து, ஒவ்வொன்றிலும் பிழையைப் புகுத்தினார். ஒவ்வொரு வடிவமும் தனக்கே உரிய விதத்தில் தவறியது. நன்றாக இருக்கும் படத்தைப் பார்த்து அது ஜேபெக்கா வேறொன்றா என்று கண்டுபிடிப்பது கடினம். தவறிய படம் தன்னைத் தாங்கும் வடிவத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கலையை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இழையில் வந்த மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். ‘பிழை’ எர்ரருக்கு வேண்டும், ‘வழு’ மென்பொருள் பக்குக்கு (bug) ஏற்கெனவே நிலைத்துவிட்டது, ‘இரைச்சல்’ நாய்ஸுக்கு உரியது. இந்த மூன்றையும் தொட வேண்டாம். கிளிட்ச் என்பதற்கு, ஐரோப்பிய யூதர்கள் பேசும் இட்டிஷ் மொழியில் ‘வழுக்குவது’ என்ற வேர் சொல்லப்படுவதால் ‘வழுக்கல்’ என்று பரிந்துரைத்திருந்தார் ஒருவர். வேர்ப்பொருள் சுவையானதுதான், ஆனால் தமிழில் வழுக்கல் என்றதும் ஈரத்தரைதான் நினைவுக்கு வரும். ‘கோளாறு’க்கு நிறைய ஆதரவு இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சிக்கல்: கோளாறு என்றால் குறை கருவியில் இருக்கிறது என்று பொருள். 1995-இல் ஜோடி (JODI) என்ற இருவர் கலைக்குழு தொடங்கிய வலைத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்தும் புள்ளிகளும் கோடுகளுமாகக் குப்பையாகத் தெரியும். மூல நிரலைத் திறந்தால் அதே குறிகளால் நேர்த்தியாக வரைந்த குண்டு ஒன்றின் வரைபடம் இருக்கும். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் வெற்றிடங்களைச் சுருக்கிவிடும் என்பது விதி. உலாவி அந்த விதியை அப்படியே கடைப்பிடித்ததால்தான் படம் குலைந்தது. இதில் கோளாறு எங்கே? தவறியது பார்ப்பவரின் எதிர்பார்ப்பு மட்டும்தான்.

சரி, என் பரிந்துரை ‘பிசகு’.

‘கணக்கு பிசகிவிட்டது’, ‘கொஞ்சம் பிசகினாலும் போச்சு’, ‘கை பிசகிக்கொண்டது’ என்று நாம் சொல்லும் எல்லா இடத்திலும், சரியாகப் போய்க்கொண்டிருந்த ஒன்று சற்றே விலகுகிறது. அளவில் சிறியது, கணத்தில் நடப்பது, முழு அழிவு இல்லாதது. இணைச்சொற்களும் இடறாமல் வருகின்றன: பிசகுக்கலை, பிசகுக்கலைஞர், பிசகழகியல். அழகுக்கலை என்று பழகிய வாய்க்குப் பிசகுக்கலை தானாக வரும். எல்லாவற்றையும்விட, இது வினைச்சொல்லாகவும் இருக்கிறது. கருவி தானே பிசகுகிறது, கலைஞர் அதைப் பிசகவைக்கிறார். கிளிட்ச் பற்றிய விவாதங்களில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. 2004-இல் ஆய்வாளர் இமான் மொராதி தூய கிளிட்ச், கிளிட்ச் போலத் தோன்றுவது என்று இரண்டாகப் பிரித்தார். பின்னதற்குப் ‘பிசகுப்போலி’ போதும். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் கைப்பேசிச் செயலிகள் பூசித்தரும் சிவப்பு-நீல விளிம்பும் கிடைக்கோடுகளும் பெரும்பாலும் பிசகுப்போலிதான். அங்கே எந்தத் தரவும் தடம் மாறவில்லை, மேலே ஒரு பூச்சு ஏறியிருக்கிறது.

பேச்சுவழக்குச் சொல் கலைச்சொல்லாகுமா என்று கேட்பவர்களுக்கு: கிளிட்ச்சும் பொறியாளர்களின் பேச்சிலிருந்து வந்ததுதான். பேச்சில் உயிரோடு இருப்பது ஒரு சொல்லுக்குப் பலமே தவிரக் குறையில்லை.

அப்புறம் ‘வழுவமைதி’. அதை முன்வைத்த நண்பருக்கு என் நன்றி, இந்த இழையிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்த சொல் அது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழு. ஆனால் உவகையால் சொன்னதால் நன்னூல் அதை ஏற்றுக்கொள்கிறது. தவறு தவறாகவே இருக்க, காரணத்தோடு அழகாகிவிடுகிறது. கிளிட்ச் அழகியலுக்கு இதைவிடப் பொருத்தமான சிந்தனை நம் மரபில் இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தும் கிளிட்ச் என்பதற்கே அதை வைக்கக் கூடாது. வழுவமைதி என்பது இலக்கணம் ஏற்றுக்கொண்டு நூற்பாவில் எழுதிவைத்த வழு. கிளிட்ச்சோ எந்த நூற்பாவும் முன்கூட்டிச் சொல்லாதது.

ஆனால் கிளிட்ச்சின் வாழ்க்கையில் அடுத்த கட்டம் ஒன்று உண்டு, வழுவமைதியை அங்கே வைக்கலாம். நிகழ்படக் கோப்பில் முழுப் படமாகச் சேமித்த சட்டகங்களை நீக்கிவிட்டு, எது எங்கே நகர்ந்தது என்ற அசைவுத் தரவை மட்டும் விட்டால், ஒரு காட்சியின் அசைவு வேறொரு காட்சியின் நிறங்களை இழுத்துக்கொண்டு ஓடும். டேட்டாமோஷிங் என்கிறார்கள், தமிழில் ‘தரவுக்குழைப்பு’ எனலாம். 2005-இல் கலைஞர் தகேஷி முராதா இந்த வகையில் செய்த படைப்பைப் பார்ப்பவருக்குத் திரையே உருகுவது போலிருக்கும். 2009-க்குள் அது பரவலாகப் பேசப்பட்ட பாப் பாடல் காணொளிகளில் வந்துவிட்டது. இன்று அதற்கு வழிகாட்டிக் குறிப்புகளே கிடைக்கின்றன. அதிர்ச்சி போய் உத்தியாகிவிட்டது, இலக்கணம் அதை உள்ளே எடுத்துக்கொண்டது. பிசகு இப்படி ஏற்கப்பட்ட மரபாக மாறும் நிலைக்கு வழுவமைதி என்று பெயர் வைத்தால், ஆங்கிலத்தில் ஒரு பத்தி முழுக்க விளக்க வேண்டிய ஒன்றை நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

மீதியுள்ளவை: ஒரு வகைக் கோப்பை வேறு வகைக்கான மென்பொருளில் திறந்து மாற்றும் டேட்டாபெண்டிங்குக்குத் ‘தரவு வளைப்பு’. கோப்பைச் சுருக்குவதால் படத்தில் விழும் தடமான கம்ப்ரெஷன் ஆர்டிஃபாக்ட்டுக்குச் ‘சுருக்கத் தழும்பு’ எப்படி? அதிகம் சுருக்கிய படத்தில் தெரியும் கட்டம் கட்டமான தோற்றம் எதிர்பாராதது அல்ல, சுருக்கியதன் விலை. எனவே பிசகு என்று சொல்ல முடியாது. ‘சிதைவு’ என்பதையும் தூக்கிப் போட வேண்டாம், கோப்பே பழுதாகித் திறக்காமல் போவதற்கு, கரப்ஷனுக்கு, அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தில் கைக்கு ஆறு விரல் இருந்தால் அது பிசகா? அங்கே தரவு எதுவும் தடம் மாறவில்லை, செயற்கை நுண்ணறிவு மாதிரி (மாடல்) தான் கற்றபடியே வரைந்திருக்கிறது. ஆனால் ஜோடியின் தளத்தில் பார்ப்பவரின் எதிர்பார்ப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டோம், அந்தக் கணக்கில் இதுவும் பிசகுதான். விரலின் தோற்றத்தைக் கற்றதே தவிர எண்ணிக்கையைக் கற்கவில்லை என்று அந்தக் கை மாதிரியின் உள்ளமைப்பையும் காட்டிக்கொடுக்கிறது. நான் பிசகு என்ற பக்கம் சாய்கிறேன். இந்த மாதிரிகளோடு வேலை செய்பவர்கள் இழையில் இருந்தால், பட்டியலில் சேர்ப்பதற்கு முன் சொல்லுங்கள்.