லெவல்ஸ்: அந்தக் குரலா, அந்த மெட்டா?

மூன்றாம்தடம் (இரவு 9:12)
ஸ்வீடன் டிஜே அவிச்சியின் லெவல்ஸ் பாட்டைப் பற்றிப் பக்கத்து இழையில் ஒருவர், "அவிச்சி மேலே வந்ததே எட்டா ஜேம்ஸின் குரலைத் தூக்கிப் போட்டதால்தான், லெவல்ஸில் அவருடையது என்று எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். அதற்கு முப்பது லைக் வேறு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பழைய அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸின் அந்தக் குரல் பாட்டின் நடுவில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. கூட்டம் கையைத் தூக்கிக் குதிப்பது சிந்தசைசர் மெட்டுக்கு. அது அவிச்சி, அதாவது டிம் பெர்க்லிங் என்ற ஸ்டாக்ஹோம் பையன், எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் உட்கார்ந்து போட்டது. 2011-இல் அது வெளியானபோது அவருக்கு 22 வயது.

பழையரெக்கார்டு (9:20)
எழுதியவன் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே. 1962-இல் எட்டா ஜேம்ஸ் பாடிய குரல் அது. அதை எடுத்துவிட்டுப் போட்டால் செல்போன் ரிங்டோன்தான் மிஞ்சும்.

மூன்றாம்தடம் (9:31)
ரிங்டோனா? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். பிரிட்டி லைட்ஸ் என்ற அமெரிக்க இசைக்காரர் 2006-இலேயே அதே குரலை, அதே வரியை எடுத்து ஒரு பாட்டு செய்துவிட்டார். நல்ல பாட்டுதான். ஆனால் உலகம் முழுக்க மைதானங்களில் அதுவா ஓடியது? குரல் ஒன்றுதான். கூடுதலாக வந்தது மெட்டு.

நடுநிசி (9:34)
"அவருடையது" என்று எதைச் சொல்கிறோம்? மெட்டையா, ஒலிக்கலவையையா, மொத்தப் பாட்டையுமா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

பழையரெக்கார்டு (9:36)
ராப் பாடகர் ஃப்ளோ ரைடா அதே 2011-இல் லெவல்ஸை எடுத்து ஒரு பாட்டு செய்தார். பாட்டின் பெயர் குட் ஃபீலிங். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? எட்டா ஜேம்ஸ் பாடும் வரியிலிருந்து. குரல்தான் பாட்டு தம்பி.

மூன்றாம்தடம் (9:45)
முதலில் இந்தத் தம்பியை விடுங்கள். என் வயது உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது, ஃப்ளோ ரைடாவுக்குக் குரல் மட்டும் போதும் என்றால் நேராக 1962-க்கே போயிருக்கலாம். ஏன் லெவல்ஸ் வழியாக வந்தார்? அந்த மெட்டும் வேண்டியிருந்தது. போன மாதம் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையர் பற்றிய இழையில் "சாம்பிள் எடுப்பதே ஒரு கலை" என்று, அதாவது பழைய பதிவிலிருந்து துண்டு எடுப்பதைப் புகழ்ந்து, நான்கு பத்தி எழுதியது நீங்கள்தானே? அவர்கள் எடுத்தால் கலை, இந்தப் பையன் எடுத்தால் களவா?

பழையரெக்கார்டு (9:52)
டாஃப்ட் பங்க் சாம்பிளை அரைத்து வேறொன்றாக்குவார்கள். இங்கே குரல் அப்படியே நிற்கிறது. தம்பி என்றது மரியாதைக் குறைவாக இல்லை. கோபம் வந்தால் உங்கள் பாடு.

கன்சோல்காரர் (10:03)
இருவரும் மேனேஜரை மறந்துவிட்டீர்கள். 2008-இல் ஆஷ் பூர்னூரி அவிச்சியை இணையத்தில் கேட்டுத் தேடிப் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பேச்சே இல்லை. நானும் பதினைந்து வருடமாகக் கல்யாணம், கல்லூரி விழா என்று வாசிக்கிறேன். திறமை இருந்தால் போதாது, கூப்பிட்டுப் போக ஆள் வேண்டும்.

மூன்றாம்தடம் (10:15)
மேனேஜர் மேடை பிடித்துத் தருவார், மெட்டு போட்டுத் தரமாட்டார். அவர் வருவதற்கு முன்பே அந்தப் பையன் லெய்ட்பேக் லூக் என்ற டிஜேயின் இணையதளத்தில் தன் பாட்டுகளைப் போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். 2010-இல் அவருடைய சீக் புரோமான்ஸ் பாட்டு வந்தது. அதில் ஏது எட்டா ஜேம்ஸ்? 2013 மார்ச்சில் மயாமி அல்ட்ரா இசை விழாவில், மெட்டு ஏறி இடி மாதிரி தாளம் விழும் ட்ராப்பை எல்லாரும் எதிர்பார்த்து நின்றபோது, வேக் மீ அப் என்ற புதுப் பாட்டுக்குக் கித்தாரும் பாஞ்சோவுமாக ஆட்களை மேடையேற்றினார். கூட்டம் முகம் சுளித்தது, இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். அதே வேக் மீ அப் அந்தக் கோடையில் பிரிட்டனில் முதலிடம். அதில் எந்த 1962 குரலும் இல்லை.

பழையரெக்கார்டு (10:21)
வேக் மீ அப்பில் ஆலோ பிளாக் பாடினார், இன்குபஸ் ராக் குழுவின் மைக் ஐன்சிகர் கித்தார் வாசித்தார். அங்கேயும் வேறொருவர் குரல்தான். நான் சொன்னதையே நிரூபிக்கிறீர்கள்.

மூன்றாம்தடம் (10:24)
சேர்ந்து எழுதிப் பாட வைப்பதற்கும் களவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளோடு என்ன பேசுவது.

நடுநிசி (10:26)
அதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

கன்சோல்காரர் (10:30)
கிராமி ஒன்றுகூட வாங்கவில்லையே. லெவல்ஸுக்குப் பரிந்துரை வந்தது, பரிசு ஸ்க்ரில்லெக்ஸ் என்ற வேறொரு டிஜேக்குப் போனது.

மூன்றாம்தடம் (10:41)
பரிசை வைத்து அளப்பவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. அந்தப் பையன் 800-க்கும் மேற்பட்ட மேடை ஏறினார். 2012-லேயே கணைய அழற்சி. 2014-இல் பித்தப்பையும் குடல்வாலும் எடுத்தார்கள். 2016-இல் போதும் என்று மேடையை விட்டார். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்துபோனார், 28 வயது. உயிரைக் கொடுத்து உழைத்தவரை "குரலைத் தூக்கிப் போட்டவர்" என்று ஒரு வரியில் முடிக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பழையரெக்கார்டு (10:48)
அவர் சாவுக்கு நானும்தான் வருத்தப்பட்டேன். அதை இங்கே இழுக்காதீர்கள். எட்டா ஜேம்ஸும் 2012 ஜனவரியில் போனார், லெவல்ஸ் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது. அந்தக் கிழவிக்காக இங்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. என் கோபம் அதுதான். குரல் அவருடையது.

மூன்றாம்தடம் (10:55)
மெட்டு டிம்முடையது. நாளை மாலை கீபோர்டில் மெட்டை மட்டும் வாசித்துப் பதிவேற்றுகிறேன். குரல் இல்லாமல். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பழையரெக்கார்டு (10:57)
ஏற்றுங்கள். நடுவில் குரல் வரும் இடத்தில் என்ன வாசிப்பீர்கள் என்று பார்க்கிறேன்.