'டப்' என்று கேப் மட்டும் வெடித்து, குண்டு போகாவிட்டால்?

ஆறறை எழுதியது:

போன துப்பாக்கி சுடும் போட்டியில், சுடுதளப் பாதுகாப்பைப் பார்க்கும் ரேஞ்ச் ஆபீசரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். அது நியாயமான திட்டுதானா என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

என்னுடையது 1858 ரெமிங்டன் ரிவால்வரின் பிரதி, .44. தோட்டா கிடையாது; சுழலும் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தும் ஈயக் குண்டும் அழுத்தி, பின்னால் நிப்பிள் என்கிற சின்னக் குழாய் முனையில் கேப் என்கிற வெடிமூடியை மாட்டிச் சுடுவது. நேரக் கணக்குப் போட்டி, ஐந்து அறையில் மட்டும் மருந்து போட்டிருந்தேன். முதல் குண்டு சரியாகப் போனது. இரண்டாவதுக்கு 'டப்' என்று கேப் மட்டும் வெடித்தது. யோசிக்கவே இல்லை, கட்டைவிரல் தானாக ஹேமரை (கேப்பை அடிக்கும் சுத்தியலை) இழுத்து அடுத்த அறையைக் கொண்டுவந்துவிட்டது. மிச்சம் மூன்றும் ஒழுங்காக வெடித்தன. முடித்துவிட்டுத் திரும்பினால் ஆபீசர் முகம் சிவந்து நிற்கிறார். "இன்னொரு தடவை இப்படிச் செய்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம்" என்றார்.

பக்கத்தில் இருந்த நண்பரோ, "ரிவால்வரின் வசதியே அதுதானே, ஒன்று வெடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கலாம்" என்கிறார். யார் சொல்வது சரி? வெடிக்காத அந்த மருந்தையும் குண்டையும் வேறொருவர்தான் எடுத்துக் கொடுத்தார், நான் தள்ளி நின்று பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. முந்தின நாள் ராத்திரி சுத்தமாகத் துடைத்து எண்ணெயெல்லாம் போட்டு வைத்திருந்தேன். பிறகு ஏன் இப்படி?

புகைமூட்டம் எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அதற்கு முந்தின வரியிலேயே இருக்கிறது. எண்ணெய்!

பழைய கேப் எழுதியது:

ஆபீசர் சொன்னதுதான் சரி. உங்கள் நண்பர் சொல்வது தோட்டா போடும் ரிவால்வருக்குக்கூட முழுசாகப் பொருந்தாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சிலிண்டரில் ஆறு அறை. கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடம்தான் குழலுக்கு நேர். அடம்பிடித்த அறை அங்கே இருந்தது. ஹேமரை ஒரு தடவை இழுத்ததும் அது 2 மணிக்குப் போனது. அடுத்த இழுப்பில் 4 மணி. ஐந்தாவது குண்டைச் சுடும்போது 6 மணி, அதாவது குண்டை அழுத்தும் ராம்மருக்கு நேர் பின்னால். உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்து அந்த நேரம் பார்த்துப் பிடித்திருந்தால் ஈயக் குண்டு வெளியே போக வழியே கிடையாது, ராம்மரில்தான் மோதியிருக்கும். 12 மணியில் இருந்தபோது பிடித்திருந்தால்? தாமதமாக ஒரு குண்டு போயிருக்கும், அவ்வளவுதான். ஆபீசர் முகம் சிவந்தது இதை நினைத்துத்தான்.

தாமதமாக வெடிப்பது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்திருக்கிறது. மரியெட் என்கிற கேப் ரிவால்வர் போட்டி, 25 மீட்டர், 30 நிமிடத்தில் 13 குண்டு, நல்ல பத்துதான் கணக்கு. நான் ஐந்து, ஐந்து, மூன்று என்று பிரித்துப் போடுவேன். ஏழாவது குண்டுக்கு 'டப்'. "ஐயோ" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுக் கையைத் தளர்த்தப் போனேன், வெடித்தது. ஒன்றரை விநாடி இருக்கும். குண்டு ஐந்தாம் வளையத்தில் போய் உட்கார்ந்தது. நல்லவேளையாக அந்த ஐந்து, தள்ளுபடியாகிற மூன்றில் போய்விட்டது. குழல் மட்டும் இலக்குப் பக்கமே இருந்ததால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

நான் காதை நம்புகிறவன். ஹேமர் விழுந்தபின் வருகிற சத்தத்தை வைத்து அடுத்த வேலையை முடிவு செய்வேன்.

'டிக்' என்றால் கேப்பே வெடிக்கவில்லை. பெரும்பாலும் கேப் நிப்பிளில் முழுசாக உட்கார்ந்திருக்காது, முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே தீர்ந்துபோகும். இல்லாவிட்டால் ஹேமரை அடிக்க வைக்கும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ரெமிங்டனில் பிடியின் முன்பக்கம் அதை இறுக்கும் ஒரு சின்னத் திருகு இருக்கிறதே, அது சுடச்சுடக் கழன்று வரும். இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, ஹேமரை அரைக் காக்கில் (சிலிண்டர் கையால் சுற்றும் பாதி நிலையில்) வைத்து, சிலிண்டரைச் சுற்றி அதே அறையைத் திரும்பக் கொண்டுவந்து அடிக்கலாம். சுற்றும் நேரம் முழுக்கக் குழல் இலக்குப் பக்கம்தான். கேப்பை விரலால் அழுத்தி உட்கார வைக்காதீர்கள், மரக்குச்சி வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போதே வெடித்து நகம் போனவர்கள் உண்டு.

'டப்' என்றால் உங்கள் கதை. தீ உள்ளே போயிருக்கிறது, ஆனால் மருந்து பிடிக்கவில்லை. அல்லது இன்னும் பிடிக்கவில்லை. அந்த 'இன்னும்' இருக்கிறதே, அதற்குத்தான் காத்திருப்பது. ஹேமரைத் தொடாமல், குழலை அசைக்காமல், மனசுக்குள் 60 வரை எண்ணுவேன். 30 போதும் என்கிற ரேஞ்சுகளும் உண்டு. நீங்கள் சுடும் இடத்தில் எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இடது கையும் சிலிண்டருக்கு முன்னால் போகக்கூடாது.

மூன்றாவது 'புஸ்'. எனக்கு நிஜமாகவே பயம் தருவது இதுதான். சத்தம் வரும், உதைப்பு இருக்காது, இலக்கில் ஓட்டையும் இருக்காது. குண்டு குழலில் பாதி வழியில் நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். மருந்தே போடாமல் குண்டை மட்டும் அழுத்திவிட்டாலும் இதே கூத்துதான். கேப்பின் வேகமே குண்டைக் குழல் வாயில் கொண்டுபோய்ச் செருகிவிடும், சிலிண்டர் சுற்றாது. எது எப்படியோ, அன்றைக்குச் சுட்டது போதும், கையைத் தூக்குங்கள்.

சரி, வெடிக்காததை எப்படி எடுப்பது? காத்திருந்தபின், குழல் இலக்குப் பக்கம் இருக்க, நிப்பிள் ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்திவிட்டுப் புதுக் கேப் போட்டு அடிப்பேன். முக்கால்வாசி நேரம் அதிலேயே முடியும். முடியாவிட்டால், முதலில் எந்த அறையிலும் கேப் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வேன். அப்புறம்தான் ராம்மரும் நிப்பிள் ரெஞ்சும். பக்கத்துக் குண்டுகள் வெடித்த அதிர்ச்சியில் அடம்பிடித்த குண்டு முன்னால் நகர்ந்திருக்கலாம், அதை ராம்மரால் திரும்ப அழுத்தி மருந்தோடு சேர்த்து உட்கார வைப்பேன். நடுவில் இடைவெளி ஆகாது. பிறகு நிப்பிளைக் கழற்றி, அந்த ஓட்டையில் நைசான கரிமருந்து நாலைந்து மணி போட்டு, நிப்பிளை மாட்டிக் கேப் வைத்துச் சுட்டுவிடுவேன். கடைசியில் குழலுக்குள் குச்சி விட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

கேப்போடு இருக்கும் சிலிண்டரை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். ரெமிங்டனில் சட்டென்று கழன்று வருவதால் கை பரபரக்கும். கீழே விழுந்து நிப்பிள் தரையில் பட்டால் அது தனித் துப்பாக்கி.

குறிக்காரி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் மரியெட்டில் அரைமணி நேரம் இருக்கிறது, நீங்கள் 60 எண்ணலாம். கடிகாரம் ஓடும் கவ்பாய் போட்டியில் எண்ணினால் என் கதி? உண்மையைச் சொல்கிறேன், அங்கே பலரும் அடுத்த அறைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். எஸ்ஏஎஸ்எஸ் (கவ்பாய் போட்டிச் சங்கம்) விதியில் ஒரு குண்டு தவறினால் 5 விநாடிதான் கூடும். அதற்காக ஒரு நிமிடம் நிற்பவரை நான் பார்த்ததில்லை.

பழைய கேப் எழுதியது:

பலரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் செய்வதில்லை. அந்த ரிவால்வரின் மிச்சக் குண்டுகளையும் தவறியதாகவே விட்டுவிடுவேன். குழலைத் திருப்பாமல் "வெடிக்கவில்லை" என்று உரக்கச் சொல்வேன், கீழே வைப்பதா பிடித்துக்கொண்டே நிற்பதா என்பதை ஆபீசர் சொல்லட்டும். பட்டியலில் கடைசியில் வந்திருக்கிறேன், கவலையில்லை.

ஆறறைக்கு இன்னொன்று. மருந்து போடுமுன் ஒவ்வொரு அறையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஆபீசரிடம் கேட்டுக்கொண்டு, ஆறு நிப்பிளிலும் வெறும் கேப் வெடியுங்கள். குழலைத் தரையில் ஒரு புல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெடித்தால் புல் தலையாட்ட வேண்டும். ஆடாத அறையில் வழி அடைத்திருக்கிறது. கரிமருந்துக்குப் பதிலாக மாற்று மருந்து போடுகிறீர்களா? பைரோடெக்ஸ் மாதிரியானவை பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்கும். லேசான எண்ணெய்ப் பசைகூட அதற்கு ஆகாது.

ஆறறை எழுதியது:

மாற்று மருந்துதான்! இப்போது சிலிண்டரை எடுத்துப் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தேன். மூன்று அறையில் குச்சி பளபளவென்று வெளியே வந்தது. பிடியின் முன்பக்கத் திருகும் ஒன்றரைச் சுற்று தளர்ந்திருக்கிறது. அப்புறம் அந்த 6 மணிக் கணக்கை வெறும் துப்பாக்கியில் ஹேமரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அறைக்கு நேரே ராம்மர் முனை நிற்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

நிப்பிள் ரெஞ்ச் எந்த அளவு வாங்குவது?

புகைமூட்டம் எழுதியது:

உங்கள் நிப்பிளை அளந்து வாங்குங்கள், லூசாக இருந்தால் முனையை மழுக்கிவிடும். முதலில் அந்த எண்ணெய் டப்பாவை எங்கேயாவது ஒளித்து வையுங்கள்.