வரைய வரைய நாம் உருவாகிறோமா, உள்ளே இருப்பதுதான் வெளியே வருகிறதா?

கரிக்கோடு:
பத்து வருடமாகக் கரித்துண்டால் முகங்கள் வரைகிறேன். உள்ளே தயாராக இருக்கும் ஒரு "நான்" படமாக வெளியே வருகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வரைய வரையத்தான் அந்த நான் உண்டாகிறது. முன்பு யார் பேசினாலும் பாதியில் குறுக்கிடுவேன். ஒரே காதின் மடிப்பை மூன்று நாள் பார்த்து வரைந்து பழகிய பிறகு, ஆட்களைக் கவனிக்கும் விதமே மாறிவிட்டது. டச்சு ஓவியர் ரெம்பிராண்டைப் பாருங்கள். 1630-ல் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட சிறிய படங்களில் சிரித்தும் வாயைப் பிளந்தும் முகத்தைச் சுளித்தும் தன்னையே சோதிக்கிறார். இறந்த வருடமான 1669-லும் தன் முகத்தை வரைகிறார், தொங்கிய தோலை மறைக்காமல். நாற்பது வருடம் அப்படிப் பார்த்த மனிதர் பழைய ஆளாகவே இருந்திருப்பாரா?

நிழல்வாசி:
அது நாம் பின்னாளில் ஏற்றிய அர்த்தம். புகழ்பெற்ற ஓவியரின் முகத்தை அவர் கையாலேயே வரைந்த படமாக வாங்க ரெம்பிராண்ட் காலத்தில் ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு டச்சு ஓவியர் வான்கா 1888-ல் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், மாடல் கிடைக்காததால் தன்னையே வரைய நல்ல கண்ணாடி ஒன்று வாங்கியதாகச் சொல்கிறார். சுயத்தைத் தேடி இல்லை, ஆள் இல்லாமல்.

என் அனுபவம் வேறு. கவிதை எழுதுகிறேன். சோகமான கவிதைகளுக்குத்தான் வரவேற்பு. ஒரு கட்டத்தில் நல்ல நாளிலும் சோகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். வீட்டில் இருப்பவர்களே என்னை வருத்தமான ஆள் என்று நினைத்தார்கள், நானும் நம்பினேன். என்னை வடித்தது எழுதியது இல்லை, வாசித்தவர்களின் கண்கள்.

வனைவோள்:
இரண்டு பேரும் கை நன்றாக இருக்கும்போது பேசுகிறீர்கள். நான் மண்பாண்டம் வனைபவள். மணிக்கட்டு வலியால் எட்டு மாதம் சக்கரத்தைத் தொடவில்லை. யாராவது "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. என்னையே யாரோ எடுத்துப் போய்விட்ட மாதிரி. தன்னை முழுக்கக் கலையில் கட்டி வைப்பது ஆபத்து.

கரிக்கோடு:
உங்கள் வலி புரிகிறது. ஆனால் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்தான் இருந்தார். நின்று வரைய முடியாமல், வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். அதை இரண்டாவது வாழ்க்கையாகவே நினைத்தார். தூரிகை போனாலும், செய்து செய்து உருவான அந்த ஆள் போகவில்லை.

நிழல்வாசி, உங்கள் கவிதை விஷயம்: யாரும் பார்க்காத நோட்டில் எழுதிப் பார்த்தீர்களா?

நிழல்வாசி:
பார்த்தேன். மூன்று மாதம் யாருக்கும் காட்டவில்லை. முதல் மாதம் அதே சோகம், பழக்கதோஷம். அப்புறம் எறும்பு, படிக்கட்டு, கை கழுவும் சத்தம் என்று எழுதினேன். அவற்றில் "நான்" என்ற சொல்லே இல்லை. கவிஞனுக்கென்று ஓர் அடையாளம் கிடையாது என்று ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1818-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். அது சரி என்று அப்போது தோன்றியது. ஆகவே உங்கள் கட்சிக்கு நான் வரவில்லை. செய்வது என்னை உருவாக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னிடமிருந்து விடுவித்தது.

கரிக்கோடு:
ஆனால் எறும்பைப் பார்க்கத் தெரிந்த ஆள் முன்பு அங்கே இருந்தாரா?

நிழல்வாசி:
இருந்திருக்கலாம். நான்தான் கைதட்டலுக்காக அவரை அடக்கி வைத்திருந்தேன்.

வனைவோள்:
போன மாதம் மறுபடி சக்கரத்தில் உட்கார்ந்தேன். முன்பு என் கிண்ணங்களின் விளிம்பு மெல்லியதாக இருக்கும், அதைப் பார்த்தே என்னுடையது என்பார்கள். இப்போது மணிக்கட்டைக் காப்பாற்றப் பார்ப்பதால் விளிம்பு தடிமனாக வருகிறது. நேற்று சூளையிலிருந்து எடுத்த ஆறு கிண்ணங்களும் அப்படித்தான். அழகாகவே இருக்கின்றன. அடியில் என் முத்திரையைக் குத்தியிருக்கிறேன், ஆனால் என்னுடையவை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.